சிகுரூப் முதல் பதிப்பிலேயே இருப்பதா, இரண்டுக்கு மாறுவதா?

இரவு 1 மணிக்கு பேக்கப் தொடங்கும். அதைச் சுருக்கும் நிரல் இருக்கிற கோர் ஒவ்வொன்றுக்கும் ஓர் இழையைக் கிளப்பி, இழைக்குச் சில நூறு எம்பி என்று நினைவகத்தை வாரிக்கொள்ளும். ஒன்றேகாலுக்கு மெஷினில் நினைவகம் தீர்ந்துவிடும். இயங்குதளத்தின் மையமான கர்னலில் இருக்கும் ஓஓஎம் கில்லர் எழுந்து, இருப்பதிலேயே பருத்த ப்ராசஸாக (ஓடும் நிரலாக)ப் பார்த்துக் கொல்லும். பெரும்பாலும் அது டேட்டாபேஸ்தான். பேக்கப் ஒன்றும் நடக்காததுபோல் ஓடி முடியும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

இப்படி ஓர் இரவைப் பார்த்தவர்கள்தான் வளப் பங்கீட்டு மென்பொருளைத் தேடிப் போகிறார்கள். லினக்ஸில் அதன் பெயர் சிகுரூப்: ப்ராசஸ்களைக் குழுவாக்கி, குழுவுக்கு இவ்வளவு நினைவகம், இவ்வளவு சிபியு, இவ்வளவு டிஸ்க் என்று பங்கு வைக்கும் கர்னல் வசதி. அதற்கு இரண்டு பதிப்புகள். பல சர்வர்களில் அது பத்து வருடங்களுக்கு முன்பே போடப்பட்டு, யாரும் தொடாமல் கிடக்கிறது. அதைப் புதுப்பிப்பதா, அப்படியே விடுவதா, புதுப்பித்தால் எந்த வரிசையில் என்பதுதான் இங்கே பேச்சு. பெரும்பாலும் லினக்ஸைப் பற்றியே பேசுவேன். மற்ற யூனிக்ஸ்கள் நடுவில் ஓரிடத்தில் வரும்.

யுலிமிட் போதுமே என்பவர்களுக்கு

முதலில் இதை முடித்துவிடலாம். ப்ராசஸ்களுக்கு வரம்பு வைக்கும் யுலிமிட் கட்டளை 1980-களின் பிஎஸ்டி யூனிக்ஸ் காலத்துச் சரக்கு. அதன் பெரும்பாலான வரம்புகள் ஒரு ப்ராசஸுக்கு உரியவை. ஒரு ப்ராசஸுக்கு 1 ஜிபி என்று வைத்தால், 40 வொர்க்கர் (துணை ப்ராசஸ்) ஓடும் சேவை 40 ஜிபி வரை போகலாம்; யுலிமிட் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். நிஜமாகப் பிடித்திருக்கும் நினைவகத்தை அளக்கும் ஆர்எஸ்எஸ் வரம்பு லினக்ஸில் பெயருக்கு இருக்கிறது. எண்ணை வாங்கிக்கொள்ளும், வேலை செய்யாது. முகவரிவெளியை (நிரல் தனக்கென்று குறித்து வைக்கும் மெய்நிகர் நினைவகத்தை) அளக்கும் வரம்பு வேலை செய்யும், ஆனால் ஜாவா, கோ மாதிரியானவை பயன்படுத்தாத முகவரிவெளியையும் ஏக்கர் கணக்கில் முன்பதிவு செய்து வைப்பதால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லாமல் போகிறது.

திறந்த ஃபைல்களின் எண்ணிக்கைக்கு மட்டும் யுலிமிட்டை விடாதீர்கள். வழக்கமான 1024 என்ற மென்வரம்பு (சேவையே உயர்த்திக்கொள்ளக்கூடிய தொடக்க வரம்பு) இன்றும் பல சேவைகளுக்குப் பற்றாது. மற்றபடி இது வேலி அல்ல, வாசலில் கட்டிய கயிறு.

முதல் பதிப்பு: இன்னும் எத்தனை நாள்?

சிகுரூப் 2006-இல் கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய வேலை. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் சேர்ந்தது. அதன் வடிவம் தாராளமானது: நினைவகத்துக்கு ஒரு மரம் (குழுவுக்குள் குழுவாகக் கிளைவிடும் அடுக்கு), சிபியுவுக்கு ஒரு மரம், டிஸ்க்குக்கு ஒரு மரம். ஒரே ப்ராசஸ் நினைவக மரத்தில் ஒரு குழுவிலும் டிஸ்க் மரத்தில் வேறொரு குழுவிலும் இருக்கலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ஃபைலில் எழுதும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். நிரல் எழுதியது முதலில் நினைவகத்தில் அழுக்குப் பக்கமாக (டிஸ்குக்கு இன்னும் போகாத துண்டாக) உட்காரும். பிறகு கர்னலின் இழை ஒன்று அதை டிஸ்கில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பக்கம் யாருடையது என்று நினைவக மரத்துக்குத் தெரியும், டிஸ்க் மரத்துக்குத் தெரியாது. அதனால் எழுத்து முழுவதும் கர்னலின் கணக்கில் விழும். முதல் பதிப்பில் பேக்கப்புக்கு டிஸ்க் வரம்பு வைத்துவிட்டு, ஏன் ஒன்றும் மாறவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு விடை இதுதான். இரண்டு மரங்களும் ஒன்றாகாமல் இதைத் தீர்க்க முடியாது.

இரண்டாம் பதிப்பு அந்த ஒற்றை மரம். 2016 மார்ச்சில் 4.5 கர்னலில் அதிலிருந்த 'சோதனை' முத்திரை போனது. ஆனால் சிபியு கட்டுப்பாடு அதற்குள் வர 2018 ஜனவரியின் 4.15 வரை ஆயிற்று. குழுவை உறைய வைக்கும் வசதி 2019-இல் 5.2-இல்தான் வந்தது. அந்த வருடங்களில் பொறுத்திருந்தவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் செய்தது சரி. லினக்ஸ் விநியோகங்களில் 2019 அக்டோபரில் ஃபெடோரா 31 முதலில் குதித்தது. 2021-இல் டெபியன் 11-ம் உபுண்டு 21.10-ம் மாறின. 2022-இல் ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் 9 வந்து சேர்ந்தது. நிரல்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் 20.10-இலும், அவற்றைப் பல மெஷின்களில் நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் 1.25-இலும் முழு ஆதரவு கிடைத்துவிட்டது.

இப்போது நிலைமை தலைகீழ். லினக்ஸில் சேவைகளைக் கிளப்பி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 256, 2024 ஜூனில் வந்தது; அது முதல் பதிப்பில் பூட் ஆகவே மறுக்கிறது. கர்னல் வரியில் (பூட் ஆகும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அளபுருக்களில்) தனியாக ஒரு கட்டாய அனுமதி கொடுத்தால்தான் நகரும். 2025-இன் 258-இல் அந்தக் கதவும் மூடப்பட்டது. குபர்னெட்டிஸ் 1.31 முதல் பதிப்பைப் பராமரிப்பு நிலைக்குத் தள்ளிவிட்டது. ஆக, 'அப்படியே இருக்கலாம்' என்பது இப்போது ஒரு தேதி போட்ட முடிவு. உங்கள் இயங்குதளத்தின் ஆதரவு முடியும் நாள் எதுவோ, அதுதான் அந்தத் தேதி.

நினைவகம் தீரும் நேரம்

இரண்டு பதிப்புகளையும் ஒப்பிடும் பலர் வசதிகளைப் பட்டியல் போடுகிறார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன்: நினைவகம் தீரும் அந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது?

முதல் பதிப்பில் நம்பக்கூடியது ஒரே ஒரு கோடு. அதைத் தொட்டதும் கர்னல் குழுவுக்குள்ளேயே நினைவகத்தை மீட்டுப் பார்க்கும், முடியாவிட்டால் ஒரு ப்ராசஸைக் கொல்லும். இதிலும் மென்வரம்பு (மெஷினில் நெரிசல் வந்தால் மட்டும் பார்க்கப்படும் வரம்பு) என்று ஒன்று உண்டு. அதை நம்பி நான் எதையும் கட்ட மாட்டேன்.

இரண்டாம் பதிப்பில் நான்கு கோடுகள். மேலே 'மெமரி.மேக்ஸ்': இதைத் தாண்டினால் கொலை. அதற்குக் கீழே 'மெமரி.ஹை': இதைத் தாண்டினால் கொலை இல்லை, ஆனால் அந்தக் குழுவை மட்டும் பிடித்து மெதுவாக்கி, அதன் பக்கங்களை விடாமல் திரும்பப் பிடுங்கும். எதிர்ப்பக்கம் 'மெமரி.லோ', 'மெமரி.மின்': மற்றவர்கள் எவ்வளவு அழுத்தினாலும் இந்த அளவுவரை இந்தக் குழுவிடம் கை வைக்காதே என்பதற்கான பாதுகாப்பு. லோ என்பது முடிந்தவரை, மின் என்பது கண்டிப்பு.

டேட்டாபேஸும் பேக்கப்பும் சேர்ந்து ஓடும் 64 ஜிபி மெஷினில் இது எப்படி உதவும் என்று பாருங்கள். டேட்டாபேஸுக்கு 40 ஜிபி லோ. பேக்கப்புக்கு 3 ஜிபி ஹை, 4 ஜிபி மேக்ஸ். பேக்கப் படிக்கும் ஃபைல்கள் பேஜ் கேஷை (படித்த ஃபைல்களைக் கர்னல் வைத்துக்கொள்ளும் நினைவகத்தை) நிரப்பி டேட்டாபேஸின் சூடான பக்கங்களை வெளியே தள்ளுவது நின்றுவிடும். முதல் பதிப்பில் பேக்கப்பின் கையைத்தான் கட்டலாம், டேட்டாபேஸுக்குக் குடை பிடிக்க வழியில்லை. என்னைப் பொறுத்தவரை, மாற்றத்தின் செலவுக்கு இது ஒன்றே ஈடாகிவிடுகிறது.

இதில் ஒரு வழுக்குப்பாறை உண்டு. சேவைக்கு லோ எழுதிவிட்டு, அதைத் தாங்கும் மேல் ஸ்லைஸுக்கு (பெற்றோர்க் குழுவுக்கு) எழுதாமல் விட்டால் பாதுகாப்பு பூஜ்யம். குழந்தைக்குக் கிடைப்பது பெற்றோரிடம் இருப்பதைத் தாண்டாது. எண்ணை எழுதினேன், எந்தப் பிழையும் வரவில்லை, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை என்ற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் இதுதான்.

ஹை-யிலும் கவனம் தேவை. ஸ்வாப் (நினைவகப் பக்கங்களை இறக்கி வைக்கும் டிஸ்க் இடம்) இல்லாத மெஷினில், ஃபைல் பக்கங்களாக இல்லாமல் சொந்த நினைவகமாகவே வளரும் நிரலை ஹை-யில் நிறுத்தினால், பிடுங்க ஒன்றும் இருக்காது. நிரல் சாகாது, வாழவும் செய்யாது; நத்தையாக ஊரும். சேவை உயிரோடு இருக்கிறது என்று கண்காணிப்பு பச்சை காட்டும், பயனர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். மேலே சொன்ன சுருக்கும் நிரல் அப்படித்தான் சிக்கியது. வரம்பை ஏற்றவில்லை, இழைகளை நான்காகக் குறைத்தேன், சரியாகிவிட்டது.

இந்த ஊர்தலைக் கண்டுபிடிக்க பிஎஸ்ஐ என்ற அழுத்த அளவை உதவும். 4.20 கர்னலில் வந்தது. நினைவகத்துக்காகக் காத்திருந்ததில் எத்தனை சதவீத நேரம் வீணானது என்று 10, 60, 300 விநாடிச் சராசரிகளாகச் சொல்லும். மெஷின் முழுவதற்குமான எண் எந்தப் பதிப்பிலும் கிடைக்கும். குழுவாரியாக வேண்டுமென்றால் இரண்டாம் பதிப்பு வேண்டும். எவ்வளவு நினைவகம் மிச்சம் என்ற பழைய எண்ணைவிட இது ஆயிரம் மடங்கு பேசும். சில விநியோகங்களில் இது அணைத்து வைக்கப்பட்டிருக்கும்; கர்னல் வரியில் 'பிஎஸ்ஐ=1' சேர்த்தால் உயிர் வரும்.

பழைய எண்களை அப்படியே நகலெடுக்காதீர்கள்

மாறுவதில் இருக்கும் ஆபத்து பெரும்பாலும் கர்னலில் இல்லை, நம் பழைய எண்களில் இருக்கிறது.

ஸ்வாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிப்பின் வரம்பு நினைவகமும் ஸ்வாப்பும் சேர்ந்த கூட்டுத்தொகை. இரண்டாம் பதிப்பில் ஸ்வாப் தனி. பழைய கோப்பில் நினைவகம் 2 ஜிபி, கூட்டு 3 ஜிபி என்றிருந்தால், புதிதில் ஸ்வாப் 1 ஜிபி. அவசரத்தில் 3 என்று எழுதிவிடுவது எளிது. அப்புறம், நெட்வொர்க் இணைப்புகள் பிடிக்கும் நினைவகமான டிசிபி சாக்கெட் பஃபர்கள் முன்பு தனிக் கணக்கு. இப்போது அதே நினைவக வரம்புக்குள் வருகின்றன. ஆயிரக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் ப்ராக்ஸிக்கு அதே எண் இப்போது இறுக்கமாக இருக்கும்.

சிபியுவில், நெரிசல் வந்தால் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் எடையின் அளவுகோலே வேறு. முதலில் இயல்பு எண் 1024, புதிதில் 100. புதிய எண் 1 முதல் 10000 வரை இருக்கலாம். கண்டெய்னர் கருவிகள் பழைய எண்ணைப் புதிதாக மாற்றப் பல காலம் பயன்படுத்திய நேர்கோட்டுச் சூத்திரத்தில் 1024-ஐப் போட்டால் 39 வரும். அதாவது, ஒரு முழு கோர் கேட்ட கண்டெய்னர், ஒன்றும் கேட்காமல் 100-இல் ஓடும் சாதாரண சிஸ்டம் சேவையைவிடக் கீழே போய்விடும். நெரிசல் வந்தால் மட்டுமே தெரியும் என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

டிஸ்க் எடை இன்னும் வேடிக்கை. பழைய எடை, சிஎஃப்க்யூ என்ற டிஸ்க் ஷெட்யூலரை (யாருடைய கோரிக்கை முதலில் என்று தீர்மானிக்கும் பகுதியை) நம்பி இருந்தது. அந்த ஷெட்யூலரே 5.0 கர்னலில் நீக்கப்பட்டுவிட்டது. புதிய கர்னலில் ஓடும் பல பழைய கோப்புகளில் அந்த வரி வெறும் அலங்காரம். இரண்டாம் பதிப்பிலும் பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலரோ ஐஓகாஸ்ட் என்ற டிஸ்க் கட்டுப்பாடோ ஓடாமல் எடைக்குப் பலனில்லை. ஆனால் விநாடிக்கு இத்தனை எம்பி என்ற உச்ச வரம்பு இரண்டாம் பதிப்பில் நன்றாகப் பிடிக்கிறது, எக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய ஃபைல்சிஸ்டங்களில் தாமதமாக எழுதப்படும் பக்கங்களையும் சேர்த்து.

இன்னொரு வகை ஆட்கள் ஓஓஎம் கொலையையே அணைத்து வைத்திருப்பார்கள். அந்தச் சுவிட்ச் இரண்டாம் பதிப்பில் இல்லை. அதற்கு மாறாக, கொல்வதென்றால் குழு முழுவதையும் சேர்த்தே கொல் என்று சொல்லலாம். பாதி செத்த சேவையைவிட முழுதும் செத்து மறுபடி எழும் சேவை மேல் என்பது என் அனுபவம். ஆனால் ஒரு குழந்தை ப்ராசஸ் செத்தாலும் தாங்கிக்கொள்ளும் நிரல்களுக்கு இதைப் போடாதீர்கள்.

கையால் எழுதிய ஸ்கிரிப்டுகள் இருந்தால், இரண்டாம் பதிப்பில் ப்ராசஸ்கள் இலைக் குழுக்களில்தான் இருக்க முடியும். கிளைக் குழுவில் ப்ராசஸை வைத்துக்கொண்டே குழந்தைகளுக்குக் கட்டுப்பாட்டைப் பகிர முயன்றால் 'பிஸி' என்று பிழை வரும். அந்த ஸ்கிரிப்டுகளைத் திருத்துவதைவிட, சிஸ்டம்டி யூனிட்களாக (சேவை வரையறைக் கோப்புகளாக) மாற்றிவிடுவது நல்லது. மரத்துக்கு ஒரே எழுத்தாளர் இருந்தால் சண்டை வராது.

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் இவை எதுவும் இல்லை, ஜாவா. இயங்குதளத்தை மேம்படுத்திய அன்றே சிகுரூப்பும் தானாக மாறியது. 64 ஜிபி மெஷினில் 2 ஜிபி வரம்புள்ள கண்டெய்னர்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. கர்னல், டாக்கர், அமைப்புக் கோப்புகள் என்று இரண்டு நாள் தோண்டினோம். கண்டெய்னருக்குள் இருந்தது பழைய ஜாவா 8. அதற்கு முதல் பதிப்பின் வரம்பை மட்டுமே படிக்கத் தெரியும். இரண்டாம் பதிப்பில் வரம்பே கண்ணுக்குத் தெரியாமல், மெஷினின் நினைவகத்தில் கால்பங்கு என்ற வழக்கப்படி 16 ஜிபி ஹீப்புக்கு (ஜாவா தன் பொருட்களை வைக்கும் நினைவகத்துக்கு)த் திட்டம் போட்டுவிட்டது. இதற்கான ஆதரவு ஜாவா 15-இல் வந்து, பிறகு 11.0.16-க்கும் 8-இன் 372-ஆம் புதுப்பிப்புக்கும் பின்னோக்கிக் கொண்டுவரப்பட்டது. எனவே மாறும் முன் முதலில் எண்ண வேண்டியது சர்வர்களை அல்ல, கண்டெய்னர் இமேஜ்களுக்குள் இருக்கும் ஜாவாக்களை.

நடுவழி

இரண்டும் கலந்த 'ஹைப்ரிட்' முறை ஒன்று உண்டு, உபுண்டு 20.04-இன் இயல்பு அதுதான். பெயரைக் கேட்டால் பாதுகாப்பான சமரசம் போலத் தோன்றும். உள்ளே பார்த்தால், இரண்டாம் பதிப்பு மரம் சிஸ்டம்டி தன் ப்ராசஸ்களை எண்ணிக்கொள்ள மட்டும். நினைவகம், சிபியு, டிஸ்க் எல்லாம் முதல் பதிப்பில்தான். ஒரு கட்டுப்பாடு ஒரே நேரத்தில் ஒரு மரத்தில்தான் இருக்க முடியும். எனவே ஹை, லோ எதுவும் கிடைக்காது. இதில் இருப்பவர்கள் தாங்கள் பாதி தூரம் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்; இன்னும் புறப்படவே இல்லை.

மற்ற ஊர்கள்

ஃபிரீபிஎஸ்டியில் 2012-இன் 9.0 முதல் 'ஆர்சிடிஎல்' இருக்கிறது. ஜெயில் (அங்கத்திய கண்டெய்னர்), பயனர், ப்ராசஸ் என்று யாருக்கு, எந்த வளம், எவ்வளவு, தாண்டினால் என்ன செய்ய என்பதை ஒரே வரியில் எழுதலாம். மறுக்கலாம், பதிவு செய்யலாம், சிக்னல் அனுப்பலாம். அந்த ஒற்றை வரி நடையைப் பார்த்தால் லினக்ஸ்காரனுக்குப் பொறாமை வரும். ஆனால் அது உச்ச வரம்பு வைக்கும் கருவி. குடை பிடிக்கும் லோ மாதிரி ஒன்று அதில் இல்லை. பூட் நேரத்தில் கணக்கெடுப்பை இயக்கியிருக்க வேண்டும், ஆகவே இங்கேயும் ஒரு ரீபூட் நிச்சயம். சோலாரிஸில் ப்ராஜெக்ட் (வேலைக் குழு), ஸோன் (தனிமைப்படுத்திய சூழல்), நியாயப் பங்கு ஷெட்யூலர் எல்லாம் 2005-இன் சோலாரிஸ் 10 காலத்திலேயே ஒன்றாகக் கோத்து இருந்தன. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு இதற்காக ஊர் மாற வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. வளப் பங்கீட்டுக்காக மட்டும் லினக்ஸிலிருந்து இவற்றுக்குப் போவதும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் தனித்தனி விஎம்களாக (மெய்நிகர் மெஷின்களாக)ப் பிரித்துவிடலாமே என்றால், பிரிக்கலாம். வேலி கெட்டியாக இருக்கும். சும்மா கிடக்கும் நினைவகமும் வேலிக்குள்ளேயே கிடக்கும்.

எந்த வரிசையில்

என் தேர்வு இரண்டாம் பதிப்பு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. விவாதத்துக்கு இடம் இருப்பது, இயங்குதள மேம்பாட்டோடு சேர்த்துச் செய்வதா, பிரித்துச் செய்வதா என்பதில்தான். பிரித்துச் செய்யுங்கள். எது உடைந்தது என்று தெரியாமல் நாங்கள் தோண்டிய அந்த இரண்டு நாள் சேர்த்துச் செய்ததன் கூலி.

பிரிக்க இரண்டு திசைகள் உண்டு. உங்கள் கர்னல் 5.2-க்கு மேலும் சிஸ்டம்டி 244-க்கு மேலும் இருந்தால், இருக்கிற இயங்குதளத்திலேயே கர்னல் வரியில் ஓர் அளபுருவைப் போட்டு ரீபூட் செய்து இரண்டாம் பதிப்புக்கு மாறுங்கள். குபர்னெட்டிஸ் ஓடினால் 5.8 வேண்டும். சரிவராவிட்டால் அந்த அளபுருவை எடுத்துவிட்டு இன்னொரு ரீபூட். பத்து நிமிடத்தில் பழைய நிலை. மாறிய பின் சிகுரூப் அடைவின் ஃபைல்சிஸ்டம் வகையைப் பாருங்கள்: 'சிகுரூப்2எஃப்எஸ்' என்று வந்தால் மாறியாயிற்று, 'டிஎம்பிஎஃப்எஸ்' என்றால் இல்லை.

ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் 8 மாதிரிப் பழைய 4.18 கர்னலிலும் சிஸ்டம்டி 239-இலும் இருந்தால் எதிர்த்திசையில் போங்கள். 9-க்கு மேம்படுத்தி, அங்கே முதலில் முதல் பதிப்போடு எழுப்புங்கள். 9 அதை அனுமதிக்கிறது. இரண்டு வாரம் ஓடட்டும். பிறகு அந்த அளபுருவை எடுங்கள். 10-இல் இந்தச் சலுகை இல்லை, எனவே 8-இலிருந்து நேரே 10-க்குத் தாவ நினைப்பவர்கள் இரண்டு மாற்றங்களையும் ஒரே இரவில் விழுங்க வேண்டியிருக்கும்.

முதலில் எந்த மெஷின் என்றால், ஏதோ ஒரு சோதனை மெஷின் வேண்டாம். அங்கே நெரிசலே வராது, வராதவரை இரண்டு பதிப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். உண்மையான பேக்கப் ஓடும், ஆனால் ஒரு மணி நேரம் விழுந்தாலும் யாரும் கூப்பிடாத ரெப்ளிகா (டேட்டாபேஸின் நகல் மெஷின்) ஒன்றைப் பிடியுங்கள். ஒரு மாத முடிவுக் கணக்கு அதில் ஓடி முடியும்வரை அடுத்ததைத் தொடாதீர்கள்.

எங்களிடம் ஒரே ஒரு மெஷின் இன்னும் முதல் பதிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு குழுவின் நெட்வொர்க் பாக்கெட்டுகளுக்கும் முத்திரை குத்தி அலைவரிசையைப் பிரிக்கும் பழைய ஏற்பாடு அதில் ஓடுகிறது. அந்தக் கட்டுப்பாடு இரண்டாம் பதிப்பில் கிடையாது. பிபிஎஃப் (கர்னலுக்குள் ஓடும் சிறு) நிரலாகவோ, குழுவின் பாதையைப் பார்க்கும் ஃபயர்வால் விதியாகவோ மாற்றி எழுத வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அந்த மெஷினும் அடுத்த வருடம் கழற்றப்படுகிறது. அதுவரை அதன் சிஸ்டம்டியை யாரும் தொடக்கூடாது என்று லாகின் செய்தியிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.